தவறுகள் யார் கணக்கில்? ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சன்: ஒரு நிகழ்வு ஆய்வு

கால்பந்தில் ஓர் இளம் முன்கள வீரருக்கு வாய்ப்புக் கொடுப்பதில் பயிற்சியாளருக்குப் பெரிய சங்கடம் இல்லை. ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது அவரைக் களத்தில் இறக்கலாம். கோல் அடித்தால் ஆதாயம், அடிக்காவிட்டால் நட்டமில்லை. கோல் எல்லைக்கு முன்னால் நிற்கும் நடுத் தடுப்பாட்டக்காரரின் நிலை இதற்கு நேர் எதிரானது. ஒரு கோல் முன்னிலையைக் காக்கவேண்டிய அந்தக் கடைசி இருபது நிமிடத்தில் பத்தொன்பது வயது இளைஞரைப் பின்களத்தின் நடுவில் நிறுத்தும் பயிற்சியாளர் அரிது. மூத்தவர் ஒருவர் காயமடைந்தால், அல்லது சிவப்பு அட்டை பெற்று வெளியேறினால்தான் இளையவருக்குக் கதவு திறக்கும். அப்படித் திறந்த கதவின் வழியே நுழைந்து அவர் செய்யும் முதல் தவறு பெரும்பாலும் கோலாக முடியும். ஆகவே தடுப்பாட்டக்காரர் தம் தொழிலைக் கற்றுக்கொள்ளும் செலவு அவருடைய அணியின் புள்ளிக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

அந்தச் செலவை எந்த அணி ஏற்கிறது, எவ்வளவு காலம் ஏற்கிறது என்ற கேள்வியை ஒரே ஒரு வீரரின் வாழ்க்கையை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டென்சன் 2012-இல் தம் பதினைந்தாம் வயதில் லண்டனின் செல்சி கழகத்தில் சேர்ந்தார். 2015 முதல் 2017 வரை ஜெர்மனியின் பொருசியா மோன்சென்கிளாட்பாக் கழகத்துக்கு இரவலாகச் சென்றார். திரும்பி வந்து, ஐரோப்பியக் கழகங்களின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீகை வென்ற அணியில் இடம்பெற்றார். 2022-இல் பார்சிலோனாவுக்குச் சென்றார். திறமையால் உயர்ந்த ஒருவரின் கதையாக மட்டும் இதைப் படித்தால் முக்கியமான செய்தி நழுவிவிடும். திறமையுள்ள இளம் தடுப்பாட்டக்காரர்கள் அதே காலத்தில் அதே கழகத்தில் பலர் இருந்தனர்.

கோபன்ஹேகனிலிருந்து லண்டனுக்கு

கிறிஸ்டென்சன் 1996 ஏப்ரல் 10 அன்று, கோபன்ஹேகனுக்கு வடக்கே உள்ள லில்லெரொட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஸ்டென் கிறிஸ்டென்சன், தலைநகரின் மேற்குப் புறநகரைச் சேர்ந்த பிரொண்ட்பி கழகத்தின் கோல்கீப்பராக இருந்தவர். மகனும் எட்டு வயதளவில் அதே கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்து அங்கேயே எட்டாண்டுகள் வளர்ந்தார். கோல்கீப்பரின் பிள்ளை, கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பந்தைத் துரத்திச் சென்று இடறிவிடுவதைவிட, அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பதை விரும்பும் அவருடைய ஆட்டப் பாணியைப் பார்க்கும்போது, பின்னாலிருந்து ஆட்டத்தைப் படிக்கும் பழக்கம் வீட்டிலேயே வந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

2012 பிப்ரவரியில் செல்சி அவரை ஒப்பந்தம் செய்தது. அப்போதைய பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் அடுத்த மாதமே பதவி இழந்தார். ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் பயிற்சியாளர் மாறிவிட்ட இந்த அனுபவம் கிறிஸ்டென்சனுக்குப் பிற்காலத்தில் பழகிப்போன ஒன்றாயிற்று; செல்சியின் முதல் அணியில் மட்டும் மொரீனியோ, கான்டே, சாரி, லாம்பார்ட், டூஹெல் என ஐந்து பயிற்சியாளர்களின்கீழ் அவர் ஆடியிருக்கிறார்.

அவர் லண்டனுக்கு வந்த வயது விதிகளின் கண்ணோட்டத்தில் மிக முக்கியமானது. பதினெட்டு வயது நிரம்பாத வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா பொதுவாகத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும், பதினாறு வயது நிரம்பியவர்களுக்கு விலக்கு உண்டு. அன்று பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்ததால், ஏப்ரலில் அவருக்குப் பதினாறு நிரம்பியதும் அந்த விலக்கு செல்சிக்கு உதவியது. இதனால் இன்னொரு பயனும் கிடைத்தது. இருபத்தொரு வயதுக்கு முன் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ உள்ள கழகங்களில் மூன்று பருவங்கள் பதிவாகியிருந்த வீரரை, அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், பிரீமியர் லீக் ‘உள்நாட்டில் வளர்ந்தவர்’ என்று கணக்கிடுகிறது. இருபத்தைந்து பேர் கொண்ட அணிப் பட்டியலில் அப்படி அல்லாதவர்கள் பதினேழு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 2012 கோடை முதல் 2015 கோடை வரை கிறிஸ்டென்சன் லண்டனில் கழித்தவை சரியாக மூன்று பருவங்கள். நான்காவது பருவம் தொடங்குமுன் அவர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். டென்மார்க் தேசிய அணிக்கு ஆடும் ஒருவர் இங்கிலாந்தின் கணக்கேட்டில் உள்ளூர்ப் பிள்ளையானது இவ்விதம்தான்.

அந்த மூன்று பருவங்களில் இளையோர் அணிகளுக்கு அவர் நிறைய ஆடினார்; 2015-இல் ஐரோப்பிய இளையோர் சாம்பியன்ஸ் லீகைச் செல்சி வென்ற அணியிலும் இருந்தார். முதல் அணியில் கிடைத்தவை துளிகள். 2014 அக்டோபர் 28 அன்று லீக் கோப்பையில் ஷ்ரூஸ்பரி டவுனுக்கு எதிராக மொரீனியோ அவரை வலது தடுப்பாட்டக்காரராக இறக்கினார்; செல்சி 2-1 என்று வென்றது. 2015 ஜனவரி 24 அன்று எஃப்.ஏ. கோப்பையில், மூன்றாம் அடுக்கு லீகில் ஆடிக்கொண்டிருந்த பிராட்ஃபோர்ட் சிட்டியிடம் சொந்த மைதானத்தில் 2-0 என்று முன்னிலை பெற்றிருந்தும் 4-2 என்று செல்சி தோற்ற ஆட்டத்திலும் அவர் அதே வலது ஓரத்தில் ஆடினார். மே மாதம், லீக் பட்டம் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட நிலையில், சண்டர்லேண்டுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று வீரராக வந்து பிரீமியர் லீகில் முதன்முறை கால்பதித்தார்.

இம்மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பெரிய கழகம் ஓர் இளம் தடுப்பாட்டக்காரரை எங்கெல்லாம் ஆடவிடும் என்பது விளங்கும்: எளிய எதிரணிக்கு எதிராக, தமக்குரியதல்லாத இடத்தில், முடிவு முக்கியமில்லாத நாளில். அப்படிப்பட்ட எளிய ஆட்டம் ஒன்று பிராட்ஃபோர்டைப் போல் கைமீறிப் போனால், சோதனைக்கு அனுப்பப்பட்டவர் மீண்டும் பெஞ்சுக்குப் போகிறார். மொரீனியோ மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஜான் டெர்ரி, கேரி கேஹில், கர்ட் ஸூமா ஆகியோரை வைத்துக்கொண்டு பட்டத்துக்குப் போராடும் ஒருவர் வேறு எப்படி நடந்துகொள்ள முடியும்?

இரண்டு ஜெர்மன் ஆண்டுகள்

2015 ஜூலையில் செல்சி அவரை மோன்சென்கிளாட்பாக் கழகத்துக்கு லோன் என்று கால்பந்துலகம் சொல்லும் இரவல் முறையில் அனுப்பியது. அக்காலத்தில் செல்சி ஆண்டுதோறும் முப்பதுக்கும் குறையாத வீரர்களை இப்படி வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கடை வாடகைக்கு விடுவதைப் போல வீரர்களை விடுகிறது என்ற ஏளனமும் எழுந்தது. பெரும்பாலானோர் ஓராண்டு ஓரிடம், மறு ஆண்டு வேறிடம் என்று அலைந்தனர். கிறிஸ்டென்சனின் ஏற்பாட்டில் வேறுபாடு ஒன்றுண்டு: தொடக்கத்திலேயே இரண்டு ஆண்டுகள் என்று எழுதப்பட்டது. இந்த நிகழ்வின் மையம் இந்த ஒற்றை நிபந்தனைதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஓராண்டுக்கு இரவல் வாங்கும் கழகம், அடுத்த கோடையில் போய்விடும் இளைஞரின் தவறுகளுக்காகத் தன் புள்ளிகளை ஏன் இழக்க வேண்டும்? ஆறு வாரத்தில் தேறாவிட்டால் உட்காரவைத்துவிடும். இரண்டாண்டுகள் என்றால், முதலாண்டில் இழப்பதை இரண்டாமாண்டில் மீட்கும் வாய்ப்பு அதற்கு உண்டு.

இழப்பு உடனே வந்தது. 2015 ஆகஸ்ட் 10 அன்று ஜெர்மன் கோப்பையில் சாங்க்ட் பவுலி அணியை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் அறிமுகமான கிறிஸ்டென்சன், ஐந்து நாள் கழித்து டோர்ட்முண்டில், ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டஸ்லிகாவில் அறிமுகம் கண்டபோது அணி 0-4 என்று நொறுங்கியது. அதைத் தொடர்ந்து மைன்ஸ், பிரேமன், ஹாம்பர்க், கொலோன் என வரிசையாகத் தோல்வி. முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை. சாம்பியன்ஸ் லீகில் செவில்லாவிடம் 0-3. செப்டம்பர் 20 அன்று பயிற்சியாளர் லூசியன் ஃபாவ்ர் தாமாகவே விலகினார். தம்மைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளர் மூன்று மாதத்துக்குள் இல்லாமற்போவது ஓர் இரவல் வீரருக்கு நேரக்கூடிய மிக மோசமான நிகழ்வுகளுள் ஒன்று; பெரும்பாலான இரவல்கள் அங்கேயே பாழாகின்றன.

பாழாகாமல் போனதற்கு இரண்டு காரணங்களைக் காணலாம். முதலாவது, வேறு ஆள் இல்லை. அணித்தலைவர் மார்ட்டின் ஸ்ட்ரான்ஸ்ல், ஸ்பானியரான ஆல்வரோ டொமிங்கெஸ் ஆகிய இரு மூத்த தடுப்பாட்டக்காரர்களும் அந்தப் பருவத்தில் காயங்களோடு போராடினர். 2016-ஆம் ஆண்டிலேயே இருவரும் ஓய்வை அறிவித்துவிட்டனர். இரண்டாவது, ஃபாவ்ருக்குப் பதில் இளையோர் அணியிலிருந்து மேலே வந்த ஆந்த்ரே ஷூபெர்ட், இளைஞர்களை நம்பத் தயங்காதவர். அவர் பொறுப்பேற்ற உடன் அணி தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களை வென்றது. டிசம்பர் 5 அன்று, அதுவரை அந்தப் பருவத்தின் லீகில் தோல்வியே காணாத பயர்ன் மியூனிக்கை 3-1 என்று வீழ்த்தியது. ஒரு புள்ளியும் இல்லாமல் கடைசியில் கிடந்த அணி நான்காம் இடத்தில் பருவத்தை முடித்தது. அந்தப் பருவத்தின் சிறந்த வீரராகக் கழகத்தின் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர், தங்கள் கழகத்துக்குச் சொந்தமே இல்லாத இருபது வயது டேனிஷ் இளைஞர்.

ஷூபெர்ட் மூவர் கொண்ட பின்களத்தைப் பலமுறை பயன்படுத்தினார். அதன் நடுவில் நின்றவர் கிறிஸ்டென்சன். மூவரில் நடுவிலிருப்பவருக்குத் தனியாக ஓர் எதிரியைப் பின்தொடரும் வேலை குறைவு. பக்கத்தில் இருவரும் முன்னேறும்போது விட்டுச்செல்லும் வெளியை மூடுவதும், கோல்கீப்பரிடமிருந்து வரும் பந்தை வாங்கி நடுக்களத்துக்குச் சேர்ப்பதும்தான் முதன்மை. ஓட்டப் பந்தய வேகமோ மல்லனின் தோள்களோ இல்லாமல், நிதானமும், தோழருக்குப் பந்தைத் துல்லியமாகக் கடத்தும் திறனும் கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது. பின்னாளில் லண்டனில் கான்டேயும் டூஹெலும் அவரை அதே வேலைக்கே எடுத்துக்கொண்டனர் என்பதால், ஜெர்மனியில் கற்ற பாடம் எழுத்துப் பிசகாமல் இங்கிலாந்தில் கைகொடுத்தது எனலாம்.

எதிரணிகளின் தரமும் கவனிக்கத்தக்கது. முதலாண்டின் சாம்பியன்ஸ் லீகில் யுவென்டஸ், மான்செஸ்டர் சிட்டி, செவில்லா. இரண்டாமாண்டில் பார்சிலோனா, மீண்டும் மான்செஸ்டர் சிட்டி, செல்டிக். முதல் ஆண்டில் குழுவில் கடைசி இடமே கிடைத்தது என்றாலும், யுவென்டஸுடன் இரு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. இரண்டாமாண்டில் அணி, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகுக்கு இறங்கியபோது, ஃபியோரென்டினாவிடம் சொந்த ஊரில் 0-1 என்று தோற்று, ஃபிளாரன்ஸில் இரண்டு கோல்கள் பின்தங்கிய பிறகு 4-2 என்று மீண்ட அந்த இரவில் நான்காவது கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் கிறிஸ்டென்சன். அடுத்த சுற்றில் ஷால்காவுக்கு எதிராகவும் அவர் கோல் அடித்தார். ஆனால் இரு ஆட்டங்களின் கோல் கணக்கும் சமமானதால், வெளியூரில் கூடுதல் கோல் அடித்த அணியை முன்னேற்றும் வெளியூர்க் கோல் விதியால் அணி வெளியேறியது. ஷூபெர்ட்டும் நடுவில் பதவி இழந்து டீட்டர் ஹெக்கிங் வந்தார். லீகில் ஒன்பதாம் இடம். இரண்டாண்டுகளில் மூன்று பயிற்சியாளர்கள், எல்லாப் போட்டிகளிலுமாக 82 ஆட்டங்கள், 7 கோல்கள். லண்டனில் மூன்றாண்டுகளில் அவர் ஆடியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

விற்க மறுத்த கோடை

2016 கோடையில் மோன்சென்கிளாட்பாக்கின் விளையாட்டு இயக்குநர் மாக்ஸ் ஏபெர்ல் அவரை நிரந்தரமாக வாங்க முயன்றார். சுமார் 1.4 கோடி பவுண்டு விலை பேசப்பட்டதாகவும் செல்சி மறுத்ததாகவும் அப்போதைய ஆங்கிலச் செய்திகள் தெரிவித்தன. இளையோர் அணியிலிருந்து ஒரு வீரரைப் பெரும் தொகைக்கு விற்பது அன்றைய செல்சிக்குப் பழக்கமான வணிகம் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த மறுப்பு அசாதாரணமானது. மறுத்தும் அவரை உடனே திரும்ப அழைக்காமல், ஒப்புக்கொண்டபடி இரண்டாம் ஆண்டையும் அங்கேயே கழிக்கவிட்டனர். இருபது வயதில் அழைத்து வந்திருந்தால், 2016-17 பருவத்தில் கான்டேயின் பட்டம் வென்ற அணியில் டேவிட் லூயிஸுக்குப் பின்னால் பெஞ்சில் அமர்ந்து ஒரு பதக்கம் வாங்கியிருப்பார். முப்பத்தொரு புண்டஸ்லிகா ஆட்டங்களை இழந்திருப்பார்.

நீண்ட இரவலே மருந்து என்ற முடிவுக்கு வாசகர் விரைவதைத் தடுக்க இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். செக் நாட்டவரான தோமாஷ் காலாஸும் இளம் வயதிலேயே செல்சி வாங்கிய நடுத் தடுப்பாட்டக்காரர். அவரும் 2011 முதல் இரண்டு பருவங்கள் தொடர்ச்சியாக ஒரே இடத்தில், நெதர்லாந்தின் விட்டெஸ் கழகத்தில், ஆடினார். 2014 ஏப்ரலில், பட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த லிவர்பூலை அதன் சொந்த மைதானத்தில் செல்சி 2-0 என்று வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் மொரீனியோ அவரை இறக்கியபோது பிசகின்றி ஆடினார். அதற்குப் பிறகு கொலோன், மிடில்ஸ்பரோ, ஃபுல்ஹாம் என்று இரவல்கள் தொடர்ந்தன. செல்சிக்காக லீகில் அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். இருவரின் திறமைக்கும் இடையே இருந்த தூரம், அவர்களுடைய வாழ்க்கைகளுக்கு இடையே விழுந்த தூரத்தளவு பெரிதா என்பது ஐயமே. காலாஸ் திரும்பி வந்தபோது டெர்ரியும் கேஹிலும் அசையாமல் நின்றனர். கிறிஸ்டென்சன் திரும்பி வந்த 2017 கோடையில் டெர்ரி ஒப்பந்தம் முடிந்து விலகியிருந்தார். நாதன் அக்கே போர்ன்மௌத்துக்கு 2 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டார். ஸூமா ஸ்டோக் சிட்டிக்கு இரவலாகச் சென்றார். ரோமாவிலிருந்து அந்தோனியோ ரூடிகர் வாங்கப்பட்டார் என்றாலும், நடுவில் ஓரிடம் வேண்டுமென்றே காலியாக வைக்கப்பட்டது போல் இருந்தது. கற்றுத் தேர்ந்தவர் வந்து சேரும் நாளில் நாற்காலி காலியாக இருப்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதி. அதைத் திறமையின் கணக்கில் சேர்ப்பது நேர்மையாகாது.

ஒரு கடத்தல்

2017 ஆகஸ்ட் 12 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்தின் பதினான்காம் நிமிடத்தில் கேஹில் சிவப்பு அட்டை பெற்றார். எதிர்பார்த்தபடியே, இளம் தடுப்பாட்டக்காரருக்குக் கதவு அப்படித்தான் திறந்தது. பர்ன்லியிடம் செல்சி 2-3 என்று தோற்றது. எட்டு நாள் கழித்து வெம்ப்ளியில் டாட்டனம் அணிக்கு எதிராக ஹாரி கேனை எதிர்கொள்ளும் பொறுப்பு கிறிஸ்டென்சனுக்கு வந்தது. செல்சி 2-1 என்று வென்றது. அக்டோபர் கடைசியில் ரோமாவிடம் 0-3 என்று தோற்றபின் கான்டே டேவிட் லூயிஸை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, நவம்பர் 5 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக் கிறிஸ்டென்சனை மூவரின் நடுவில் நிறுத்தினார். 1-0 வெற்றி. அந்த நாள் முதல் சில மாதங்கள், இங்கிலாந்தின் நடப்புச் சாம்பியன் அணியின் பின்களம் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரைச் சுற்றி அமைந்திருந்தது. 2018 ஜனவரியில் நான்கரை ஆண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

2018 பிப்ரவரி 20. சாம்பியன்ஸ் லீகின் இறுதிப் பதினாறு சுற்றில் பார்சிலோனா லண்டனுக்கு வந்திருந்தது. வில்லியனின் கோலால் செல்சி முன்னிலையில் இருந்தபோது, எழுபத்தைந்தாம் நிமிடத்தில் கிறிஸ்டென்சன் தம் பெனால்டி பகுதிக்குக் குறுக்கே ஒரு பந்தைக் கடத்தினார். அது தோழரைச் சேருமுன் இனியெஸ்டா பாய்ந்து எடுத்து மெஸ்ஸிக்குக் கொடுத்தார். 1-1. செல்சிக்கு எதிராக மெஸ்ஸி அடித்த முதல் கோல் அதுதான். இரண்டாவது ஆட்டத்தில் செல்சி 0-3 என்று தோற்று வெளியேறியது.

அந்தக் கடத்தலைத் தொழில்நுட்ப நோக்கில் பார்த்தால், ஜெர்மனியில் அவர் வாரந்தோறும் செய்துகொண்டிருந்த காரியம்தான். நெருக்குதல் வரும்போது பந்தைக் கண்மூடித்தனமாக வெளியே உதைக்காமல் இன்னொரு தோழரைத் தேடுவதற்காகவே அவர் வளர்க்கப்பட்டார், அதற்காகவே பாராட்டவும்பட்டார். அந்தப் பழக்கத்தில் நூற்றில் ஒன்று தவறிப்போகும். மோன்சென்கிளாட்பாக்கில் தவறியபோது அது ஒரு சனிக்கிழமையின் இழப்பு. அடுத்த சனிக்கிழமை அவரே மீண்டும் அங்கே நிற்பார். இங்கே அது உலகமெங்கும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. கான்டேவுக்கு நியாயம் செய்யும் வகையில், அவர் கிறிஸ்டென்சனை உடனே நீக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்: பார்சிலோனாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்திலும் கிறிஸ்டென்சன் களத்தில் இருந்தார். ஆனால் வசந்தத்தின் முடிவுக்குள் கேஹில் அந்த இடத்தைத் திரும்பப் பெற்றிருந்தார். மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கிறிஸ்டென்சன் ஆடவில்லை.

அடுத்த இரண்டரை ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். சாரி நால்வர் பின்களத்துக்கு மாறி லூயிஸையும் ரூடிகரையும் நம்பினார். கிறிஸ்டென்சனுக்கு யூரோப்பா லீக் கிடைத்தது. ரூடிகர் காயமடைந்ததால் 2019 மே 29 அன்று பாக்கூ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் இடம்பெற்று, ஆர்சனலை 4-1 என்று வென்ற அணியில் கோப்பையை ஏந்தினார். ஒரு தோல்வியும் இல்லாமல் செல்சி அந்தப் போட்டியை முடித்தது. லாம்பார்டின் காலத்தில் இடம் நிலையாக இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று லிவர்பூலின் மானே நீண்ட பந்தொன்றைத் துரத்தி ஓடும்போது அவரைக் கட்டிப்பிடித்து வீழ்த்தி, இடைவேளைக்குச் சற்றுமுன் சிவப்பு அட்டை பெற்றார். பின்னால் பரந்த வெளியை விட்டுவிட்டு இருவராக நிற்கும் அமைப்பு அவருடைய கால்களுக்கு ஏற்றதன்று என்பது அந்த ஒரு காட்சியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

மீண்டும் மூவரின் நடுவே

2021 ஜனவரி கடைசியில் தோமஸ் டூஹெல் பொறுப்பேற்று மூவர் பின்களத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். பிப்ரவரி 4 அன்று டாட்டனமுக்கு எதிராகத் தியாகோ சில்வா காயமடைந்து வெளியேற, கிறிஸ்டென்சன் உள்ளே வந்தார். இம்முறை கதவு மூடவில்லை. ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் ஆடினார். மே 29 அன்று போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான இறுதியாட்டத்தின் முப்பத்தொன்பதாம் நிமிடத்தில் அதே சில்வா மீண்டும் காயமடைய, அதே கிறிஸ்டென்சன் மீண்டும் வந்தார். மூன்று நிமிடம் கழித்து ஹாவெர்ட்ஸ் அடித்த கோலை, மீதமிருந்த நேரம் முழுவதும் செல்சி காத்தது. கோல் முன்னிலையைக் காக்கும் கடைசி நிமிடங்களில் நம்பத்தக்கவராக அவர் ஆகியிருந்தார். அதற்குப் பதினெட்டு வயதில் தொடங்கி இருபத்தைந்து வரை ஆயிற்று.

டென்மார்க்கிற்கான அவருடைய கோடை அதற்கடுத்த வாரங்களில், ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன்ஷிப் போட்டியான யூரோவில் வந்தது. ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் அணித் தோழர் கிறிஸ்டியன் எரிக்சன் களத்திலேயே மயங்கி விழுந்தார். அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் இழந்தது. ஜூன் 21 அன்று ரஷ்யாவுக்கு எதிராக வென்றே ஆகவேண்டிய ஆட்டத்தில், சிதறி வந்த பந்தை வெகுதொலைவிலிருந்து கிறிஸ்டென்சன் அடித்த அடி வலையின் மூலையைத் துளைத்தது. டென்மார்க் 4-1 என்று வென்றது. வேல்ஸுக்கு எதிரான அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில் அணி திணறியபோது, பயிற்சியாளர் காஸ்பர் யூல்மான் அவரைப் பின்களத்திலிருந்து நடுக்களத்துக்கு நகர்த்தினார், முடிவு 4-0. 2018 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்கு எதிராகவே அவர் நடுக்களத்தில் ஆடியிருந்தார் என்பதால் இது புதிதன்று. அரையிறுதியில் இங்கிலாந்திடம் கூடுதல் நேரத்தில் தோற்றதோடு அந்தப் பயணம் முடிந்தது.

செல்சியில் அவருடைய கடைசிப் பருவத்தின் கணக்கு விசித்திரமானது. 2021 அக்டோபரில் மால்மோவுக்கு எதிராகத்தான் செல்சிக்காக முதல் கோல் அடித்தார். அறிமுகமாகி ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகியிருந்தன. 2018 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தம் 2022 ஜூனில் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2022 மார்ச் 10 அன்று கழக உரிமையாளர் அப்ரமோவிச் மீது பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது; அதன்படி புதிய ஒப்பந்தம் எதையும் செல்சியால் போட முடியவில்லை. ரூடிகர் மாட்ரிட்டுக்கும் கிறிஸ்டென்சன் பார்சிலோனாவுக்கும் ஒரு பவுண்டுகூட விலையின்றிப் போனார்கள். 2016-இல் 1.4 கோடி பவுண்டை மறுத்த கழகம் ஆறாண்டு கழித்து வெறுங்கையோடு நின்றது என்று வணிகக் கண்ணோட்டத்தில் சொல்லலாம். ஆனால் இடையில் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், உலகக் கழகக் கோப்பை ஆகியவற்றை வென்ற அணிகளில் அவர் இருந்தார். அத்தனையும் சேர்த்து மதிப்பிட்டால், விற்காமல் வைத்துக்கொண்டதில் செல்சி நட்டப்பட்டதாக இக்கட்டுரையாளர் கருதவில்லை.

இந்தப் பாதை இன்று

இதே பாதையில் இன்னொரு டேனிஷ் சிறுவர் இன்று நடக்க முடியுமா என்றால், இயலாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், 2021 ஜனவரி முதல் வெளிநாட்டு வீரர் எவரையும் பதினெட்டு வயதுக்கு முன் இங்கிலாந்துக் கழகங்கள் சேர்க்க முடியாது. பதினெட்டில் வருபவருக்கு இருபத்தொரு வயதுக்குள் மூன்று பருவங்கள் இங்கிலாந்தில் கழித்து ‘உள்நாட்டில் வளர்ந்தவர்’ ஆகவேண்டும் என்றால், ஜெர்மனிக்கு இரவல் போக நேரமே மிஞ்சாது. அதோடு, 2022 ஜூலையில் ஃபிஃபா கொண்டுவந்த புதிய விதிகள் பன்னாட்டு இரவல் ஒப்பந்தம் எதுவும் ஓராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன. ஒரு கழகம் அனுப்பக்கூடிய வீரர்களின் எண்ணிக்கைக்கும் படிப்படியாக வரம்பு வந்தது. வீரர்களைச் சரக்குபோல் அடுக்கிவைக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தவே இவ்விதி வந்தது. அந்த நோக்கத்தில் குறை காண முடியாது. ஆயினும் ஓராண்டு முடிந்தபின் நீட்டித்துக்கொள்ளலாம் என்பது வேறு, முதல் நாளிலேயே இரண்டாண்டு உறுதி தருவது வேறு. ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்ற 2015 செப்டம்பரில், ஓராண்டு இரவலாக வந்திருந்த ஒருவரிடம் மோன்சென்கிளாட்பாக் அவ்வளவு பொறுமை காட்டியிருக்குமா என்பது இங்கே எழும் கேள்வி.

மறுபக்கம், டென்மார்க்கின் கழகங்களுக்கு இதில் ஆதாயம் உண்டு. பதினைந்து வயதில் போயிருக்கவேண்டிய பிள்ளைகள் இப்போது இன்னும் சில ஆண்டுகள் சொந்த நாட்டு லீகில் தங்குகிறார்கள். அவர்கள் செய்யும் தவறுகளின் செலவைப் பிரொண்ட்பியும் கோபன்ஹேகனும் ஏற்கின்றன, பின்னர் விற்கும்போது விலையில் அதைச் சேர்த்தும் வாங்கிக்கொள்கின்றன.

கிறிஸ்டென்சன் பார்சிலோனாவில் முதல் பருவத்திலேயே ஸ்பானிய லீகை வென்றார். முப்பத்தெட்டு ஆட்டங்களில் இருபது கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்த பின்களம் அது. 2024 ஏப்ரல் 10 அன்று, தம் இருபத்தெட்டாம் பிறந்தநாளில், பாரிஸில் மாற்று வீரராக இறங்கிய சில நொடிகளில் தலையால் முட்டிக் கோல் அடித்து அணியை 3-2 என்று வெற்றிபெறச் செய்தார். அந்தக் கோடைக்குப் பின் குதிகால் தசைநாணில் ஏற்பட்ட பாதிப்பால் நீண்டகாலம் ஆட முடியாமற்போனது. ஸ்பானிய லீகின் சம்பள வரம்பு விதியில், நெடுநாள் காயமடைந்தவரின் ஊதியத்தில் பெரும்பகுதியைக் கழித்து அந்த இடத்தில் இன்னொருவரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சலுகை உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில், புதிதாக வாங்கிய டானி ஒல்மோவின் பெயரைப் பதிய வழியின்றி நின்ற பார்சிலோனா அந்தச் சலுகையைப் பயன்படுத்தியது. கிறிஸ்டென்சனின் காயத்தின் பேரில் ஒல்மோ பதியப்பட்டார். அந்தப் பதிவு செல்லுபடியானது டிசம்பர் 31 வரை மட்டும்.